உடைவதற்கென்றே ஒரு புறா

சென்ற வாரம் நமது வீட்டு மோர்ச் சொம்புக்கு ஒரு புதிய மூடி கிடைத்தது. வட்ட வடிவம், நடுவில் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு மேடு, மேற்புறம் கமலாப்பழத்தின் நிறம், அடிப்புறம் அடுப்புக்கரியின் நிறம். சொம்பின் வாய்க்கு அளவெடுத்துச் செய்ததுபோல் அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து களைத்து வந்து, "கொஞ்சம் மோர் கொடு" என்று கேட்ட நாம், அந்த மூடியைக் கண்டதும் பதறிப்போனோம்.

"ஐயையோ! இதை ஏன் எடுத்து மூடினாய்?"

"பின்னே என்ன செய்வது? மூன்று நாளாக உங்கள் மேஜையின்மேல் சும்மாத்தானே கிடந்தது! அகல் என்று பார்த்தால் திரி போட மூக்கு இல்லை. தட்டு என்று பார்த்தால் கவிழ்ந்து கிடக்கிறது. மூடியாகவாவது உபயோகப்படட்டுமே என்று எடுத்தேன்."

"அது மூடி இல்லை. அது ஒரு புறா!"

நமது தர்மபத்தினி நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். பரீட்சைத் தாள் திருத்தும் காலங்களில் நமக்குச் சித்தம் சற்றே கலங்குவது உண்டு என்பது அவளுடைய நெடுநாளைய அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் அன்று ஊர்ஜிதமாகிவிட்டது என்பதை அவள் முகம் தெளிவாகக் காட்டியது. மோரைக் கொட்டிவிடும்படி நாம் சொன்னதும் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று. ஆனால் நேயர்களே, நாம் சொன்னது இரண்டும் நியாயந்தான். அது புறாதான், அதைக் கொண்டு மூடிய மோரைக் குடிக்காமல் இருப்பதும் உத்தமந்தான். எப்படி என்று சொல்கிறோம்.

பட்டாளத்தில் இருக்கும் நமது பழைய மாணாக்கன் ஒருவன் விடுமுறையில் வந்திருந்தான். திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்குப் போய்ப் பெட்டியை வைத்துவிட்டு, மறுநாளே நம்மைப் பார்க்க வந்த அந்தப் பிள்ளை, காகிதத்தில் சுற்றிய இந்த வட்டத்தை நமது கையில் வைத்தான். டில்லியில் துக்ளகாபாத் என்னுமிடத்தில், 1982ஆம் வருஷத்து ஆசிய விளையாட்டுக்களுக்காகக் கட்டப்பட்ட துப்பாக்கி சுடும் மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கே போட்டி பார்க்கப் போனவன், புல்லில் முழுசாகக் கிடந்த இதை, கேட்டு வாங்கி வந்தானாம். "ஸார், இதற்குப் பெயர் களிமண் புறா. ஆனால் இதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை" என்றான். நம்மிடம் இலக்கணம் படித்த பிள்ளை அல்லவா? காரணப் பெயர் காரணத்தை இழந்து இடுகுறியாகிவிட்ட விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

இழந்துபோன காரணத்தைத் தேடிப் போனால் கதை சற்று இரத்தக் கறையுடன் இருக்கிறது.

இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கனவான்கள் கூடி, கூண்டுப் புறாக்களை ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டுச் சுட்டு விளையாடத் தொடங்கிவிட்டார்கள். தரையிலே குழி தோண்டி, புறாவை அதனுள் வைத்து, பழைய தொப்பி ஒன்றால் மூடுவார்களாம். பிறகு பெட்டி வந்தது. சுடுகிறவர் "இழு!" என்று கூவுவார், ஒருவன் கயிற்றை இழுப்பான், பெட்டி திறக்கும், புறா பறக்கும், துப்பாக்கி முழங்கும். ஆங்கிலம் வழங்கும் மைதானங்களில் இன்றைக்கும் சுடுகிறவர்கள் பலர் "இழு" என்ற சொல்லைத்தான் கூவுகிறார்கள். இழுப்பதற்குக் கயிறும் இல்லை, கயிறு பிடிக்க ஆளும் இல்லை. ஒலிவாங்கி ஒன்று குரலைக் கேட்டுப் பொறியை விடுவித்துவிடுகிறது. ஆனாலும் பழைய சொல் போகவில்லை.

1900இல் பாரிஸ் நகரத்தில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடந்தபோது உயிர்ப்புறாக்களைச் சுடும் பந்தயமும் நடைபெற்றது. இரண்டு பறவைகளைத் தவறவிட்டவர் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும் என்பது விதி. பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் டி லுண்டன் என்பவர் 21 பறவைகளை வீழ்த்தி முதலாவதாக வந்தார். மொத்தம் ஏறக்குறைய முந்நூறு பறவைகள் அன்று மாண்டன. பரிசளிப்பு மேடைக்கு எதிரே இறகுகளும் இரத்தமுமாய்க் கிடந்த மைதானத்தை நேயர்கள் மனத்தால் பார்த்துக் கொள்ளலாம். கூண்டுப் பறவைகளைச் சுடுவதை இங்கிலாந்து 1921இல் சட்டம் போட்டு நிறுத்தியது.

ஆனால் சட்டம் வருவதற்கு வெகுநாள் முன்பே வேறொரு வழி பிறந்துவிட்டது. கருணையினால் பிறந்தது என்று சொல்ல நமக்கும் ஆசைதான். உண்மையில் பாதி கருணை, பாதி சிக்கனம். அமெரிக்காவில் புறாக்கள் கிடைப்பது அருமையாகி, விலையும் ஏறிவிட்டது. எனவே முதலில் கண்ணாடி உருண்டைகளை வீசிச் சுட்டுப் பார்த்தார்கள். வழவழப்பான கண்ணாடியில் ரவை பட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும், உடையாது. ஆகவே ஆடம் போகார்டஸ் என்ற பெயர்பெற்ற துப்பாக்கி வீரர், மேற்பரப்பில் வலைப்பின்னல் போல வரிகள் எழும்பிய உருண்டைகளைச் செய்வித்து, 1877இல் உரிமைப் பத்திரமும் வாங்கினார். வேறு சிலர் உருண்டைக்குள்ளே இறகுகளை அடைத்தார்கள். சுட்டதும் கண்ணாடி சிதறி, நிஜப் பறவை அடிபட்டதுபோல் இறகுகள் காற்றிலே மிதக்கும். உயிரைக் கொல்ல வேண்டாம். கொன்ற திருப்தி மட்டும் வேண்டும்! மனித சுபாவத்தைப் பற்றி நாம் இதற்குமேல் வியாக்கியானம் செய்யப் போவதில்லை.

கண்ணாடியில் மற்றொரு தொல்லை: சுட்டு முடிந்தபின் நிலமெல்லாம் சில்லுகள். அங்கே மாடு மேய்வது எப்படி? குழந்தை நடப்பது எப்படி? இந்த நிலையில்தான் 1880இல் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகௌஸ்கி என்பவர் தட்டையான வட்டில் ஒன்றுக்கு உரிமை பெற்றார். நீரின்மேல் பிள்ளைகள் சிப்பி எறிந்து விளையாடுவதைக் கண்டு அவருக்கு இந்த யோசனை தோன்றியதாகச் சொல்வார்கள். நமது திருவாலங்காட்டுக் குளக்கரையில் எந்தப் பையனையும் கேட்டுப் பாருங்கள். ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து, சுழற்றி எறிந்தால் அது தண்ணீரின்மேல் தவளைபோல் தத்தித் தத்திப் போகும் என்பதை அவன் செய்தே காட்டுவான். நாமும் ஒரு காலத்தில் ஏழு தத்தல் வரை எறிந்தவர்தாம். ஆனால் உரிமைப் பத்திரம் வாங்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

லிகௌஸ்கியின் வட்டில் நிஜமான களிமண்ணால் செய்து சூளையில் சுட்டது. அது அழகாகப் பறந்தது. கண்ணாடி உருண்டை மேலே போய்க் கீழே விழும்; இதுவோ சுழன்றுகொண்டே பறவையைப்போல் காற்றில் சறுக்கிச் செல்லும். ஆனால் ஒரு குறை. ரவை பட்டால் பல சமயம் உடையாது. கோயில் மணிபோலக் கணீரென்று ஒலித்துவிட்டுத் தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும்!

நேயர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். சந்தையில் மண்பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார்கள். கணீரென்றால் நல்ல பானை, பொத்தென்றால் விரிசல். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் குயவனுக்குப் பெருமை தந்துவந்த அந்த ஓசையே இந்தப் புறாவுக்குப் பெருங்குற்றமாகிவிட்டது. உடையாத பானை நல்ல பானை; உடையாத புறா கெட்ட புறா. ஆகவே களிமண்ணையே கைவிட வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புக்கல்லைப் பொடி செய்து, நிலக்கரித் தாரைக் காய்ச்சி எஞ்சும் கீலை அதிலே கலந்து, சூட்டோடு சூடாக அச்சில் அழுத்தி எடுத்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கல்பொடி, ஒரு பங்கு கீல். சென்ற நூற்றாண்டு முழுவதும் உலகமெங்கும் உடைந்தவை பெரும்பாலும் இந்தக் கலவைதான். மோரைக் கொட்டச் சொன்ன காரணமும் இப்போது விளங்கியிருக்கும். இத்தகைய உடைந்த துண்டுகள் கிடந்த வயல்களில் மேய்ந்த பன்றிகள் ஈரல் கெட்டு மாண்ட சம்பவங்கள் மேல்நாட்டு மிருக வைத்தியர்களின் ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. இப்போது கீலுக்குப் பதிலாக வேறு பிசின்களைச் சேர்த்தும் செய்கிறார்கள். நமது மேஜையிலிருந்த புறா எந்த ஜாதி என்று நமக்குத் தெரியாது. தெரியாத ஜாதியை மோரில் கலக்க நமக்குத் தைரியமில்லை.

ஒலிம்பிக் பந்தயத்துக்குரிய புறாவின் குறுக்களவு 110 மில்லிமீட்டர். எடை 105 கிராம், ஐந்து கிராம் கூடலாம் அல்லது குறையலாம். இந்த அற்பப் பொருளிடம் கேட்கப்படும் குணங்களையோ பாருங்கள். சுடுகிறவருக்கு 15 மீட்டர் முன்னே, தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் பதினைந்து பொறிகள் இருக்கின்றன. குரல் கொடுத்தவுடன் அவற்றில் ஒன்று இந்த வட்டிலை 75 மீட்டருக்கும் அப்பால் போய் விழும் வேகத்தில் உதைத்துத் தள்ளுகிறது. எந்தப் பொறி, எந்தத் திசை என்பது சுடுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாது. அந்தப் பயங்கரமான உதையை இது விரிசலின்றித் தாங்க வேண்டும். தாங்கி, நேராகப் பறக்க வேண்டும். அப்படிப் பறக்கையில் கடுகைவிடச் சற்றே பெரிய இரண்டொரு ரவைகள் பட்டவுடன் உடைந்துவிடவும் வேண்டும். இரும்புக் கையின் அடிக்கு அசையாமை. ரவையின் தொடலுக்கு நெகிழ்ச்சி. ஒரே பொருளிடம் இரண்டையும் எதிர்பார்க்கிறார்கள். இதற்காக விளிம்பைத் தடித்தும், மேட்டைப் படிப்படியாக மெலிந்தும் வார்க்கிறார்கள். அடியின் வலுவை விளிம்பு வாங்கிக்கொள்ளும்; ரவைக்கு மெல்லிய சுவர் வழிவிடும். கடும் வெயிலில் அடுக்கிவைத்து மேலே பாரம் ஏற்றினால் வட்டில் வளைந்துபோகும். வளைந்தது நேரே பறக்காது. ஆகவே நம்மைப் போன்ற உஷ்ண தேசத்தில் இதை நிழலில் வைத்துக் காப்பாற்றுவதே ஒரு வித்தை.

விதிகளும் சுவாரஸ்யமானவை. கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சிறு துண்டாவது பெயர்ந்தால்தான் அடிபட்டதாகக் கணக்கு. வெறும் தூசி கிளம்பினால் போதாது. ஆனால் பொறியிலிருந்து வெளிவரும்போதே வட்டில் உடைந்திருந்தால், சுடுகிறவர் அதைச் சுட்டாலும் சரி, விட்டாலும் சரி, அது புறாவே அல்ல. அதைக் கணக்கில் சேர்க்காமல் வேறொன்றை வீசுகிறார்கள். இறுதிச் சுற்றில் மேட்டுக்குள்ளே வர்ணப் பொடியை நிரப்பியும் வைக்கிறார்கள். அடிபட்டால் வானத்தில் ஒரு வர்ணப் புகை எழும்பும். இறகு அடைத்த கண்ணாடி உருண்டையின் பேரப்பிள்ளை இது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

முதலிலேயே உடைந்த புறாவுக்கு விதி கொடுக்கும் சலுகையைக் கண்டு நாம் பொறாமைப்பட்டோம். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகள் வறுமை, நோய், வீட்டுச் சண்டை முதலிய உதைகளால் வாசற்படியிலேயே விரிசல் கண்டு வருகிறார்கள். அவர்களையும் மற்றவர்களோடு ஒரே கணக்கில் வைத்து நாம் மார்க் போட்டுவிடுகிறோம். "இது செல்லாது, இன்னொரு முறை" என்று சொல்ல நமது விதிகளில் இடமில்லை.

இந்த விளையாட்டில் நமது நாட்டின் பெயர் சிறியதல்ல. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் பந்தயங்களில் கலந்துகொண்டார். துக்ளகாபாத் மைதானத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2004இல் ஆதன்ஸ் நகரத்தில், ஒரே சமயத்தில் இரண்டு வட்டில்கள் பறக்கும் பந்தயத்தில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றபோது, சுதந்திர இந்தியாவில் தனிமனிதர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் என்று நாடே கொண்டாடியது. 2006இல் மானவ்ஜித் சிங் சந்து உலக வீரரானார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. புதுக்கோட்டை அரச வம்சத்தில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2023இல் தோஹா உலகக் கோப்பைப் பந்தயத்தில் வெண்கலம் பெற்றார். அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, சீனத்தின் ஹாங்சௌ நகரத்து ஆசிய விளையாட்டில், அவரும் ஹைதராபாத்தைச் சேர்ந்த கைனான் செனாயும் ஜோராவர் சிங் சந்துவும் சேர்ந்து 375 வட்டில்களில் 361ஐ உடைத்துத் தங்கம் வென்றார்கள். அன்றைக்கே பெண்கள் குழு வெள்ளி வென்றது. அந்தக் குழுவில் ஒருவர் போபாலைச் சேர்ந்த மீனவரின் மகள் மனீஷா கீர். ராஜாக்களின் பொழுதுபோக்காக இருந்த ஒரு விளையாட்டில் ராஜ வம்சத்துப் பிள்ளையும் மீனவர் வீட்டுப் பெண்ணும் ஒரே நாளில் ஒரே தேசத்துக்குப் பதக்கம் கொண்டுவந்தார்கள் என்பதில் நமக்கு அளவற்ற சந்தோஷம். பிருத்விராஜ் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். இறுதிச் சுற்றுக்கு அவர் வரவில்லை. ஆனாலும் முந்நூறு பறவைகள் மாண்ட அதே பிரான்ஸ் தேசத்தில், 124 வருஷங்களுக்குப் பின் நம்மவர் ஒருவர் போய் ஓர் உயிருக்கும் சேதமின்றி அதே வித்தையைக் காட்டி வந்தாரே, அது போதும்.

பறவையைச் சுடும் ஆசையெல்லாம் மேல்நாட்டாருக்கே உரியது, நாமெல்லாம் ஜீவகாருண்ய மூர்த்திகள் என்று மார்தட்டிக்கொள்ள நாம் தயாராயில்லை. நமது முன்னோர் களிமண்ணை உருட்டி உலர்த்தி, உண்டைவில் என்னும் வில்லிலே வைத்து எய்தார்கள். இளம் பிராயத்து இராமபிரானே அந்த உண்டையைக் கூனியின் முதுகில் எய்து விளையாடியதைக் கம்பர் நினைவூட்டுகிறார். அயோத்தி அரியணைக்கு வந்த விபத்தின் வித்தே ஒரு களிமண் உருண்டைதான்! நமது பிள்ளைகளின் கவட்டைக் குச்சிக்கும் ரப்பருக்கும் உண்டிவில் என்று பெயர் நிலைத்திருப்பது இந்த உண்டையால்தான். இன்று அதில் வைப்பது கூழாங்கல்லேயானாலும் சரி. ஆக, நம் தேசத்தில் களிமண் பறவையை அடித்தது. மேல்நாட்டிலோ களிமண்ணே பறவையாகி அடிவாங்கிக்கொண்டது. எது மேல் என்று நேயர்களே தீர்மானிக்கலாம்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. நமது திருவள்ளூர்ப் பிரதேசம் 1997 வரை செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவின் வேடந்தாங்கலில், தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளை ஆங்கிலச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறாத கிராமத்து ஜனங்கள், கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இல் எழுத்து மூலம் பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இங்கேயும் பாதி கருணை, பாதி சிக்கனம்! பாரிஸில் புறாச் சுடும் பந்தயம் நடப்பதற்கு நூறு வருஷம் முன்பே இது நடந்தது. பிற்காலத்தில், 1972ஆம் வருஷத்து வன ஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்குச் செய்த திருத்தமும் தேசமெங்கும் வேட்டைக்குக் கதவடைத்தன.

சரி, "இதை எதற்குப் பத்திரப்படுத்துகிறீர்கள்?" என்று வீட்டில் கேட்ட கேள்விக்கு வருவோம். பழைய வட்டில்களையும் கண்ணாடி உருண்டைகளையும் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் மேல்நாட்டில் இருக்கிறார்கள். நீலமும் ஊதாவும் தேன் நிறமுமாய், செய்தவர் பெயர் பொறித்த கண்ணாடி உருண்டை ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுப்பார்கள். அபூர்வமானதற்கு ஆயிரக்கணக்கிலும் கொடுப்பார்கள். இவ்வளவு விலை ஏன்? லட்சக்கணக்கில் செய்யப்பட்டவைதாம், ஆனால் செய்யப்பட்ட காரியமே உடைவதுதானே? கடமையை ஒழுங்காகச் செய்தவையெல்லாம் தூளாகிப் போயின. எஞ்சியிருப்பவை, ஒன்று பெட்டியைவிட்டு வெளியே வராதவை. இல்லாவிட்டால், வீசியும் குறி தவறியவை. கண்ணாடிப் பேழையில் வெல்வெட்டின்மேல் வீற்றிருக்கும் அந்த உருண்டை எவரோ ஒருவரின் தோல்விக்குச் சாட்சி!

நமது ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு சேகரிப்புப் பொருள் உலகப் பிரசித்தமானது. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள்: 31 ஏடுகள், ஒரு வளையம், இராஜேந்திர சோழரின் முத்திரை. அழியக் கூடாது என்றே செம்பில் வெட்டினார்கள்; ஆயிரம் வருஷமாக அழியாமல் இருக்கின்றன. அவை தமது எஜமானரின் நோக்கத்தை நிறைவேற்றிப் பிழைத்தவை. நமது மேஜைப் புறாவோ தன் எஜமானரின் நோக்கத்தை நிறைவேற்றாததால் பிழைத்தது. அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தோம். ஓர் இடத்தில் ஊசிமுனையளவு கீறல் இருந்தது. ரவையின் கீறலோ, புல்லின் கீழிருந்த கல்லின் கீறலோ! டில்லி வெயிலில், ஏதோ ஒரு பிள்ளை இந்த ஒரு வட்டிலைத் தவறவிட்டதால் அணியில் இடம் இழந்திருக்கலாம் அல்லவா? 125இல் ஒன்றோ இரண்டோதானே மேலே போகிறவரையும் வீட்டுக்குத் திரும்புகிறவரையும் பிரிக்கிறது?

மோர்ச் சம்பவத்துக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் வேறொரு சம்பவம் நடந்தது. அதுதான் நம்மை இதை எழுத வைத்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் குளக்கரை மரத்தில் உட்கார்ந்திருந்த மடையானை உண்டிவில்லால் அடித்து வீழ்த்திவிட்டான். பையன்கள் அவனையும் பறவையையும் சேர்த்து நம்மிடம் கொண்டுவந்தார்கள். பறவைக்கு உயிர் இருந்தது. ஓர் இறக்கை தொங்கியது. அவன் முகத்தில் பயம் இருந்தது. அதன் அடியில், குறி தவறவில்லை என்ற பெருமையும் ஒளிந்துகொண்டிருந்தது.

பிரம்பை எடுக்கும் காலம் போய்விட்டது, நல்லதுதான். நீண்ட பிரசங்கம் செய்யலாம் என்று வாயைத் திறந்தோம். வார்த்தை வரவில்லை. காரணத்தை இந்தப் பத்தியில் முதன்முறையாக ஒப்புக்கொள்கிறோம். நமக்குப் பதினொரு வயதிருக்கும். எங்கள் வீட்டுக் கிணற்றடி முருங்கைமரத்தில் தினந்தோறும் வந்து உட்காரும் மைனாக்களில் ஒன்றை நாமும் அடித்தோம். இன்னொன்று அன்று முழுவதும் கிணற்றுச் சுவரின்மேல் நடந்து நடந்து கத்தியது. நமது தாயார் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அன்றிரவு சோறு போட்டபோது நம்மை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. பறவையியல் மேதை சலீம் அலி, தாம் சிறுவனாயிருந்தபோது சுட்ட ஒரு குருவியே தம்மைப் பறவை ஆராய்ச்சியில் கொண்டுபோய் விட்டது என்று சொல்லியிருக்கிறார். மகான்களுக்கு ஒரு குருவி போதும். நமக்கு அந்த மைனா தந்ததெல்லாம், முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு பையனுக்கு எதிரே நின்று வாயடைத்துப்போன அந்த ஒரு நிமிஷந்தான்.

மடையான் அன்று மாலையே இறந்தது.

மறுநாள் மேஜைப் புறாவை வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். கதை முழுவதையும் சொன்னோம். பிறகு, "பாருங்கள், வீசினால் உடையக் கூடாது, அடித்தால் உடைய வேண்டும். நம் குளத்து மண்ணில் அப்படி ஒரு வட்டில் உங்களால் செய்ய முடியுமா?" என்று கேட்டோம். மடையானை அடித்த பையன்தான் முதலில் எழுந்து நின்றான்.

மூன்று விதமாய்ச் செய்தார்கள். வெயிலில் அவசரமாய் உலர்த்தியவை வெடித்து, கையில் எடுக்கும்போதே இரண்டாயின. சூளையில் சுட்டு வாங்கியவை மணலில் எத்தனை முறை எறிந்தாலும் அசையவில்லை. ஆனால் அடித்தபோது, லிகௌஸ்கியின் வட்டிலைப்போலவே, கணீரென்று சிரித்துவிட்டு நின்றன. மூன்றாவது வகையைச் சொன்னவன் அதே பையன்தான். அவனுடைய பாட்டி அடுப்பு போடும்போது செய்வதுபோல, களிமண்ணில் சலித்த மணலைக் கலந்து, நிழலிலேயே நான்கு நாள் உலர்த்தி, விளிம்பைத் தடித்தும் நடுவை மெலிந்தும் செய்தான். பத்தில் ஆறு மணல்மேல் எறிந்ததைத் தாங்கின. அந்த ஆறையும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள குட்டிச்சுவரின்மேல் வரிசையாக நிறுத்தி, இருபதடி தள்ளிக் கோடு கிழித்து, ஒருவனைத் தவிர மற்றவர்களெல்லாம் நமக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று கண்டிப்புச் செய்து, அவனிடமே உண்டிவில்லைக் கொடுத்தோம். கூழாங்கல் கூடாது, களிமண் உண்டைதான் என்றும் நிபந்தனை போட்டோம். ஐந்து உடைந்தன. ஒவ்வொன்று உடையும்போதும் வகுப்பே ஆரவாரம் செய்தது. எந்தத் தாயும் எந்தக் கிணற்றுச் சுவரின்மேலும் கத்தவில்லை.

அவன் உண்டிவில் இனிமேல் குளக்கரைப் பக்கமே போகாது என்று நேயர்களுக்குச் சத்தியம் செய்து கொடுக்க நாம் தயாராயில்லை. பதின்மூன்று வயதின் கை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். ஆனால் தப்பிய ஆறாவது வட்டிலை அவன் எடுத்துவந்து, "ஸார், இதையும் உங்கள் புறாவோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டினான். இப்போது நமது மேஜையின்மேல் இரண்டு புறாக்கள் இருக்கின்றன. மோர்ச் சொம்புக்கு ஒரு பித்தளை மூடி வாங்கிக் கொடுத்துவிட்டோம்.